முப்பதுக்கு இருபத்தெட்டு

போன வாரம் நிவேதா போன் செய்தாள். நான் விட்டுவிட்டு வந்த மேசையில் இப்போது வேலை பார்க்கிறவள். ஆஸ்பத்திரியில் எங்கள் பிரிவுக்கு டேப்லெட் வந்துவிட்டதாம். இனிமேல் காகிதம், பென்சில், ஸ்டாப்வாட்ச் எதுவும் வேண்டாம். நோயாளி திரையைத் தொட்டுப் பதில் சொன்னால் பன்னிரண்டு நிமிடத்தில் மதிப்பெண் தானாக வந்துவிடும்.

"எல்லாம் ஈசியாத்தான் இருக்குதுங்கக்கா. ஒண்ணுதான் தெரியல. நாம கண்ணுல பாத்தத எழுதற எடம் இதுல எங்க இருக்குது?" என்று கேட்டாள்.

இருக்காது என்று எனக்குத் தெரியும். அந்த இடத்தை ஒழித்தது டேப்லெட் இல்லை. அது காகிதத்தில் இருந்த காலத்திலேயே செத்துவிட்டது. எப்படிச் செத்தது என்று போனில் சொல்ல ஆரம்பித்து, பாதியில் நிறுத்திவிட்டேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு வயது முப்பத்தைந்து. பணி ஓய்வு என்று சொன்னால் சிரிப்பார்கள். ஆனால் பதினோரு வருடம் செய்த ஒரு வேலைக்குத் திரும்பிப் போகமாட்டேன் என்று முடிவு செய்துவிட்டால், அதற்கு வேறு பெயர் எனக்குத் தெரியவில்லை. உளவியலில் முதுகலை, அதற்குமேல் ஒரு வருடம் நரம்பியல் பிரிவில் பயிற்சி, பிறகு கோயமுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடியில், லிஃப்டை ஒட்டிய சின்ன அறை. ஞாபகசக்தி, கவனம், கணக்கு, பேச்சு இவற்றைச் சோதித்து, நரம்பியல் டாக்டருக்குத் தாள் எழுதிக் கொடுப்பது வேலை. வார்டு ஆயாக்கள் என்னை 'மெமரி டெஸ்ட்டுப் பொண்ணு' என்பார்கள்.

அந்த அறைக்கு நோயாளிகள் நோயோடு வருவதில்லை. குற்றச்சாட்டோடு வருவார்கள். பத்தாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வாத்தியாரை முறைத்துப் பார்க்கிறாள் என்று வந்தாள். அவள் முறைக்கவில்லை; பத்துப் பத்து விநாடியாக அவளுக்கு வலிப்பு வந்து போய்க்கொண்டிருந்தது, கை கால் உதறாத வலிப்பு. சோமனூர் தறிக்காரர் ஒருவர், தறி ஓடும்போதே தூங்குகிற சோம்பேறி என்று வந்தார். தூக்கத்தில் அவருக்கு மூச்சு நின்று நின்று வந்ததில், வருடக்கணக்காக அவர் தூங்கியதே இல்லை. மருமகளைக் கண்டபடி பேசுகிறாள் என்று ஒரு மாமியார் வந்தார். பிரஷர் மாத்திரையால் ரத்தத்தில் உப்பு குறைந்து, எந்த ஊரில் இருக்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. மூன்று பேருக்கும் நடந்த வரிசை ஒன்றே: முதலில் திட்டு, இரண்டாவது அடி, மூன்றாவது மந்திரித்த கயிறு, நான்காவதாகத்தான் ஆஸ்பத்திரி. பதினோரு வருடத்தில் இந்த வரிசை மாறி நான் பார்க்கவில்லை. கால் ஒடிந்தவனை யாரும் திமிரில் நொண்டுகிறான் என்பதில்லை. மூளையும் உடம்புதான் என்று சொன்னால் மட்டும் தலையாட்டிவிட்டு, வெளியே போய் மறுபடியும் திட்டுவார்கள்.

எங்கள் டாக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சார் என்றே எழுதுகிறேன். குரலை உயர்த்தியதே இல்லை. எல்லாப் பெண்களையும் 'அம்மா' என்பார். தாளை வாங்கும்போது ஓரத்தில் இரண்டு விரலால் பிடிப்பார், நகை பார்க்கிற ஆசாரி மாதிரி. எனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர் அவர்தான், நன்றாகவே கற்றுக்கொடுத்தார். "பேஷன்ட் கதவத் தொறக்கறப்பவே டெஸ்ட் ஆரம்பிச்சாச்சும்மா" என்று முதல் மாதம் சொன்னார். செருப்பை எங்கே கழற்றுகிறார், நாற்காலியை யார் இழுத்துப் போடுகிறார், கேள்வியை அவரிடம் கேட்டால் பதிலுக்கு யாரைப் பார்க்கிறார், எல்லாம் எழுது என்றார். அதற்காகத் தாளின் பின்பக்கம் முழுக்க ஒரு கட்டம் இருந்தது.

அப்போது ஒரு நோயாளிக்கு ஒரு மணி நேரம். பிறகு நாற்பது நிமிடம் ஆனது, பிறகு இருபது. நிர்வாகம் குறைத்தது, சார் கையெழுத்துப் போட்டார். இருபது நிமிடம் ஆனபிறகு, நான் பின்பக்கம் எழுதிக் கொண்டுபோனால் அவர் படிப்பதில்லை. தாளை நடுவில் மடித்து, மதிப்பெண் பக்கம் மட்டும் தெரியும்படி மேசையில் வைப்பார். "கதை வேண்டாம்மா, நம்பர் போதும்" என்பார், அதே மென்மையான குரலில். அந்த மடிப்பை நான் ஒரு முறைகூட எதிர்த்துப் பேசவில்லை. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இனி வேலுச்சாமி. பெயரை மாற்றியிருக்கிறேன். காரமடைப் பக்கம் கறிவேப்பிலைத் தோட்டம், வயது ஐம்பத்து நான்கு. பிற்பகல் இரண்டரை மணிக்கு மூன்று பேராக உள்ளே வந்தார்கள். முன்னால் அவருடைய அண்ணன், வெள்ளை வேட்டி, கையில் கார் சாவி. நடுவில் வேலுச்சாமி. பின்னால் அவர் மனைவி ஈஸ்வரி, கையில் ஒரு கட்டைப் பை. என் அறையில் என் நாற்காலி போக இரண்டு நாற்காலிதான். ஒன்று நோயாளிக்கு. இன்னொன்றைக் காட்டி, "உக்காருங்க" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னேன்.

இதை நான் எந்தக் கல்லூரியிலும் படிக்கவில்லை. நான் அன்னூர்ப் பக்கம் பிறந்தவள். கூட வந்தவர்களில் பெரியவர் யாரோ அவருக்கு நாற்காலி கொடுப்பது எங்களுக்கு மூச்சு விடுவது போல. என் அம்மா, பெரியப்பா உட்கார்ந்திருக்கும் அறையில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. ஈஸ்வரி சுவர் ஓரமாக நின்றார்.

சோதனையை ஆரம்பித்தேன். தேதி, கிழமை, மாடி, ஊர் எல்லாம் சரியாகச் சொன்னார். மூன்று சொற்களைச் சொல்லி ஐந்து நிமிடம் கழித்துத் திரும்பக் கேட்டேன், மூன்றும் வந்தன. நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொன்னேன். என்னைவிட வேகமாகக் கழித்தார், ஒன்று மட்டும் தப்பு. படம் பார்த்து வரைவதில் ஒரு மதிப்பெண் போனது. முப்பதுக்கு இருபத்தெட்டு.

இதற்கிடையில் நடந்தவை, நான் பின்பக்கம் எழுதிய வரிசையில்:

ஒன்று, என் மேசையில் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைக் கேட்காமல் எடுத்து, கடைசி வரைக்கும் தின்றார். இரண்டு, என் தண்ணீர் பாட்டிலை வாய் வைத்துக் குடித்தார். மூன்று, "நீ என்ன இத்தன குண்டா இருக்கற?" என்று என்னிடம் கேட்டார், கோபமோ கேலியோ இல்லாமல், மணி கேட்பது போல. நான்கு, மனைவி நிற்கிறார் என்பதை ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஐந்து, பென்சிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

பிஸ்கட்டை எடுத்தபோது அண்ணன் "டேய்" என்று அதட்டினார். என்னிடம் திரும்பி மன்னிப்புக் கேட்டார். முகம் சிவந்து போயிருந்தது.

அடுத்தது கூட வந்தவரிடம் கேட்கும் கேள்விகள். எல்லாக் கேள்வியும் மாற்றத்தைப் பற்றியவை. முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்பதுதான் விஷயம். நாற்காலியில் இருந்தவரைக் கேட்டேன். பிறர் மனம் நோகப் பேசுவது புதிதாக வந்ததா என்று கேட்டதற்கு, "புதுசெல்லாம் இல்லீங்க. எங்கப்பன் குடுத்த செல்லமுங்க, சின்ன வயசுலயிருந்தே இவன் இப்புடித்தான்" என்றார். கண்டிப்பானவராகக் காட்டிக்கொள்ளும் ஒரு குடும்பத்தலைவர் வேறு என்ன சொல்வார்? 'மாற்றம் இல்லை' என்று டிக் போட்டேன். பத்துக் கேள்வி, பத்து டிக். இரண்டு முறை ஈஸ்வரியைப் பார்த்தேன். அவர் பையைப் பார்த்தார். இருபது நிமிடம் முடிந்துவிட்டது.

பின்பக்கத்தை சார் மடித்தார். ஸ்கேன் எடுக்கலாமா என்று கேட்டேன். "ட்வென்டி எய்ட்டுக்கா?" என்று புருவத்தை உயர்த்தினார். அறிவாற்றல் குறைபாடு இல்லை என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதன் கீழே சோதித்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து.

அண்ணன் அந்தத் தாளை என்னிடம் காட்டி விவரம் கேட்டார். மதிப்பெண் இருபத்தெட்டு, நார்மல் என்று சொன்னேன். "அப்ப மூளையில ஒண்ணுமில்லீங்களா?" என்றார். அந்தச் சோதனையில் ஒன்றும் தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். நான் "இல்லீங்க" என்றேன். ஒரே ஒரு சொல்.

ஆறு மாதம் கழித்து, ஒரு முற்பகலில் ஈஸ்வரி தனியாக என் அறை வாசலில் நின்றார். கணவரைக் கீழே எலும்புப் பிரிவில் உட்கார வைத்துவிட்டு வந்திருந்தார். மணிக்கட்டில் மாவுக்கட்டாம். அதே கட்டைப் பை. அதிலிருந்து பிளாஸ்டிக் கவர் போட்ட ஒரு தாளை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"இந்தப் பேப்பரு நீங்க குடுத்ததுங்களே அம்மணி. இதைய நீங்களே திருப்பி வாங்கிக்குங்க."

எனக்குப் புரியவில்லை. உட்காரச் சொன்னேன். அன்று அந்த அறையில் நாங்கள் இரண்டு பேர்தான், இரண்டாவது நாற்காலியும் காலியாக இருந்தது. இருந்தும் மூன்று முறை சொன்ன பிறகே உட்கார்ந்தார், அதுவும் நுனியில்.

நடந்ததைச் சொன்னார். அந்தத் தாளை அண்ணன் ஊரில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். முப்பதுக்கு இருபத்தெட்டு என்பது பங்காளிகளிடையே ஒரு கேலியாகவே ஆகிவிட்டது. வேலுச்சாமி எதிரில் வந்தால், "வாடா, பாசு பண்ணுன பையா" என்பார்களாம். அதுவரைக்கும் மனிதனுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று நினைத்த இரண்டு மூன்று பேர்கூட, தாளைப் பார்த்தபின் மாறிவிட்டார்கள். திமிர்தான் என்று ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுத்துவிட்டதே.

பிறகு அண்ணன் மகள் கல்யாணம். மண்டபத்தில் முதல் பந்தியில் வேலுச்சாமி போய் உட்கார்ந்தார். சம்பந்தி வீட்டார் இன்னும் வரவில்லை. இலையில் வைத்த ஜாங்கிரியைத் தின்றார், பக்கத்து இலையிலிருந்து எடுத்துத் தின்றார், அதற்கடுத்த இலைக்கும் கை போனபோது, அதற்குள் பந்திக்கு வந்த சம்பந்தி வீட்டுப் பெரியம்மா ஒருவர் அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். அண்ணன் தம்பியை மண்டபத்துக்குப் பின்னால் வண்டி நிறுத்தும் இடத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். அங்கே மணிக்கட்டு ஒடிய அடித்தபடி சொன்னது இது என்று ஈஸ்வரி சொன்னார்:

"கணக்கெல்லாம் கரெக்டாச் சொல்றயில்ல? தேதி தெரியுதில்ல? மானம் மட்டும் தெரியாதாடா உனக்கு?"

அந்தக் கேள்விக்கு மருத்துவத்தில் பதில் உண்டு. ஆமாம், தெரியாது. தேதியும் கணக்கும் மூளையில் ஒரு பக்கம். கூச்சம், அடக்கம், எதிரில் இருப்பவர் மனம் என்ன பாடுபடும் என்ற எண்ணம், இவை பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதியின் வேலை. அந்தப் பகுதி மட்டும் சுருங்கிக்கொண்டு வருகிற ஒரு நோய் இருக்கிறது. ஐம்பதுகளில் தொடங்கலாம். தொடக்கத்தில் ஞாபகம் அப்படியே இருக்கும், முப்பதுக்கு இருபத்தெட்டுகூட வாங்கலாம். இதைப் படித்துத்தான் எனக்கு அந்த வேலை கொடுத்தார்கள்.

ஆறு மாதம் முன்பே கேட்டிருக்க வேண்டியதை ஈஸ்வரியிடம் இப்போது கேட்டேன். முன்பு எப்படி இருந்தார்? எதிரில் வருகிற பள்ளிக்கூடப் பிள்ளையைக்கூட மரியாதையாகக் கூப்பிடுகிறவர் என்றார். பந்தியில் கடைசி ஆள் எழுந்த பிறகுதான் இலை முன் உட்காருவார் என்றார். மாமியார் செத்தபோது மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர், போன வருடம் சொந்த அக்கா செத்த வீட்டில் டிவி போடச் சொன்னார் என்றார். எல்லாம் மூன்று வருடத்துக்குள் வந்த மாற்றம். அன்றே இதைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். கேட்ட வாயை மூடிக்கொள்ளலாம் போல இருந்தது அடுத்து வந்த பதில்.

"பெரியவிய உக்காந்து பேசறப்ப நான் ஊட பூந்து பேசறதுங்களா? நீங்களும் என்னையக் கேக்கலீங்களே அம்மணி."

பிறகு பையிலிருந்து ஒரு கொத்து பஸ் டிக்கெட்டுகளை எடுத்தார், ஊக்கு குத்தி வைத்திருந்தார். முதல் தடவை வந்தபோதும் அது பையில்தான் இருந்ததாம். சட்டை துவைக்கும்போது சேர்ந்தவை. வேலுச்சாமி தினமும் காலை ஒரே பஸ்ஸில் காந்திபுரம் போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார். ஏன் என்று கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஊரில் எல்லோரும் காந்திபுரத்தில் ஒரு பெண் இருக்கிறாள் என்று முடிவு கட்டிவிட்டார்கள். ஒருநாள் ஈஸ்வரியே பின்னால் போயிருக்கிறார். இரண்டு சீட் தள்ளி உட்கார்ந்து, இறங்கி, கூட்டத்தில் தொடர்ந்து போனார். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஒரு பேக்கரி. நின்றபடியே இரண்டு இனிப்புப் பன் தின்றார், கையைக் கடைத் திரையில் துடைத்தார், அடுத்த பஸ் ஏறினார்.

"பொம்பளையா இருந்திருந்தாக்கூட சண்ட போட்டுக் கூட்டியாந்திருப்பனுங்க," என்றார் ஈஸ்வரி. "அது பன்னுங்க அம்மணி. பன்னுகூட நான் என்னத்தப் பேசறது?"

அப்போதுதான் அவர் அழுதார்.

டிக்கெட்டையும் நான் எழுதிய பட்டியலையும் சாரிடம் கொண்டுபோனேன். மடிக்க முடியாதபடி மேசையில் விரித்து வைத்தேன். படித்தார். அன்றே ஸ்கேன் எழுதினார். முன்மூளை சுருங்கியிருந்தது, இரண்டு பக்கமும். நோயின் பெயரைச் சரியாக எழுதினார், குடும்பத்தைக் கூப்பிட்டு இதற்குக் குணப்படுத்தும் மருந்து இல்லை என்பதையும் பொறுமையாகச் சொன்னார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஈஸ்வரி கேட்டது ஒன்றுதான். இது நோய் என்று தமிழில் ஒரு தாள். முன்பு கொடுத்த தாள் போன இடத்துக்கெல்லாம் இதுவும் போக வேண்டும். நான் சாரிடம் கேட்டேன்.

"அன்னிக்கு ஸ்கோர் தப்பாம்மா?"

"இல்லைங்க சார்."

"அப்புறம் எதத் திருத்தறது? ரிப்போர்ட்டு டாக்டருக்கும்மா. ஊருக்கு இல்ல."

ஊருக்குத்தான் போனது சார், என்றேன். ஒரு மனிதனின் கையை ஒடித்துவிட்டு வந்திருக்கிறது, என்றேன். பதினோரு வருடத்தில் முதல் முறையாக என் குரல் அந்த அறையில் உயர்ந்தது. அவர் குரல் உயரவில்லை. கவனிக்க வேண்டிய நோயாளிகள் வெளியே இருப்பதாகச் சொன்னார்.

அன்று மதியம் நானே எழுதினேன், ஆஸ்பத்திரித் தாளில், தமிழில், பெரிய எழுத்தில். வேலுச்சாமிக்கு மூளையின் முன்பகுதியில் நோய் இருக்கிறது. கூச்சமும் அடக்கமும் அவரிடமிருந்து போனது நோயால்; அவர் வேண்டுமென்று செய்வதில்லை. திட்டினாலும் அடித்தாலும் அது திரும்பி வராது. முதல் சோதனையில் இது தெரியாமல் போனது, அவர் மனைவியைக் கேட்காமல் விட்ட என் தவறு. கீழே கையெழுத்து, சீல். தவறு முழுவதும் என்னுடையது இல்லை. ஆனால் மற்றவர்களுக்காகக் கையெழுத்துப் போட எனக்கு உரிமை இல்லை.

பத்து நாளில் மெமோ வந்தது: அதிகாரமில்லாமல் சான்று வழங்கியது. சார் முன்னால் போய் நின்றேன். என் தாளின் நகலை அவர் கையில் வைத்திருந்தார். அதை நடுவில் மடித்தார். நான் அன்றே ராஜினாமா எழுதினேன்.

கடைசி வாரத்தில் அண்ணன் வந்தார், தனியாக. "உக்காருங்க" என்றேன். "இருக்கட்டுங்க" என்று நின்றார். அந்தத் தமிழ்த் தாளை வேட்டி மடிப்பிலிருந்து எடுத்தார்.

"இதைய எழுதுனது நீங்கதானுங்களா?"

"நான்தாங்க."

"மொதல்ல அந்த இருபத்தெட்டு போட்டது?"

"அதும் நான்தாங்க."

"நான் அடிச்சுப்போட்டனுங்களே" என்றார். ஆறுதல் சொல்வதும் என் வேலையில் ஒரு பகுதிதான். அன்று நான் அதைச் செய்யவில்லை. "ஆமாங்க" என்றேன். எனக்கு அப்போது அவர் மேல் இருந்த கோபம், இன்று கொஞ்சம் குறைந்திருக்கிறது. என் மேல் இருப்பது குறையவில்லை.

இப்போது கணபதியில் பம்ப் உதிரிபாகம் செய்யும் பட்டறையில் தரம் பார்க்கிறேன். அளவு சரியில்லை என்றால் பொருளைத் தனியே வைத்து, ஏன் என்று தாளில் எழுதுகிறோம். யாரும் பொருளைத் திட்டுவதில்லை. ஈஸ்வரி அவ்வப்போது பேசுவார். வேலுச்சாமி இன்னமும் காந்திபுரம் போகிறார், கூட யாராவது போகிறார்கள். செவ்வாய்க்கிழமை அண்ணன் போகிறாராம். பன்னில் ஒரு துண்டு கேட்டால் தம்பி கொடுப்பதில்லையாம்.

ஆஸ்பத்திரியை விட்டு வந்த நாளில் நான் ஒரு காரியம் செய்தேன். காந்திபுரத்தில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி, ஆட்டோவில் கொண்டுபோய் அந்த அறையில் போட்டேன். 'கூட வரும் பெண்ணுக்கு' என்று மார்க்கரால் அதன் முதுகில் எழுதினேன். நிவேதா அப்போதுதான் வேலையில் சேர்ந்திருந்தாள். பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் போனில் எழுதும் இடம் எங்கே என்று கேட்டபோது, இடம் இல்லை, ஒரு நோட்டுப் போட்டுக் கையால் எழுது என்றேன். பிறகு அந்த மூன்றாவது நாற்காலி இருக்கிறதா என்று கேட்டேன்.

"இருக்குதுங்கக்கா. பிளக் பாயின்ட் பக்கத்துல போட்டு, டேப்லெட்ட அதுல வெச்சுத்தான் சார்ஜ் போடறோம்."

"கூட வந்த அம்மா?"

"நிக்கறாங்கக்கா," என்றாள்.

"டேப்லெட்ட எடுத்துக் கீழ வை, நிவேதா," என்றேன். "இப்பவே. நான் லைன்லயே இருக்கறேன்."